ஏழு பை வெள்ளரியும் ஓரம் கருகிய இலைகளும்: திருவான்மியூர் மொட்டை மாடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

மார்ச் முதல் வாரம், காலை ஏழு மணி இருக்கும். எதிர் வீட்டு அக்கா ஒரு கவரில் நான்கு வெள்ளரி இலைகளைப் போட்டு எடுத்து வந்தார். "தம்பி, உரக்கடைக்காரர் மெக்னீசியம் கொறவுன்னாரு. யூடியூபில பூஞ்சைன்னாங்க. என் நாத்தனார் வேர்ல புழு இருக்கும்ங்கறா. நாப்பது நாளா குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டேன், இப்படி ஆயிடுச்சே" என்றார். குரல் உடைந்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் முதன்முதலாக ஆசைப்பட்டுப் போட்ட தோட்டம் அது.

நான்கு இலைகளையும் மேசையில் பரப்பினேன். நான்கிலும் மஞ்சள் இருந்தது, ஆனால் ஒரே மஞ்சள் இல்லை. முதல் இலையின் ஓரம் முழுக்கச் சுற்றிலும் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது. அந்தப் பழுப்புக்கு உட்புறம் விரல் அகலத்துக்கு மஞ்சள் பட்டை, நடுவில் பச்சை. இரண்டாவது இலையின் ஓரம் நன்றாகவே இருந்தது. நரம்புக்கும் நரம்புக்கும் இடையில் மட்டும், அடிக்கோல் வைத்து வரைந்த மாதிரி மூலை மூலையாக மஞ்சள் கட்டங்கள். மூன்றாவதில் இரண்டும் சேர்ந்திருந்தன. நான்காவதில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி பெரிய பழுப்புத் திட்டுகள், அதுவும் இலையின் மேல்பக்கத்தில் மட்டும்.

கடைக்காரர், யூடியூப், நாத்தனார் மூவரும் 'மஞ்சள்' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பறித்த இலையை வைத்து என்னாலும் அதற்கு மேல் போக முடியாது. அது கொடியில் எந்த இடத்தில் இருந்தது என்று தெரிய வேண்டும். அடியிலா, நடுவிலா, நுனியிலா? மாடிக்குப் போனோம்.

மாடியில் பார்த்தது

மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டை மாடி. கடற்கரை நடந்து போகிற தூரம்தான், மதியத்துக்கு மேல் கடற்காற்று நன்றாக அடிக்கும். மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஆறு குரோ பேக். ஏழாவது பை மட்டும் கொஞ்சம் தள்ளி, மாடியில் இருக்கும் ஒற்றை அறையின் மூலையில். எல்லாப் பையும் ஒரே அளவு, 20 லிட்டர் மண் பிடிக்கும். வெயிலும் காற்றும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கொடிகள் நைலான் வலையில் ஏறி, ஆளுயரம் வந்திருந்தன. பூவும் இருந்தது, ஒன்றிரண்டு பிஞ்சும் இருந்தது.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் விதை போட்டிருக்கிறார். கலவை செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம், மூன்றும் சமபங்கு. கோகோபீட் ஐந்து கிலோ கட்டியாக வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, பொலபொலவென்று ஆனதும் அப்படியே கலந்துவிட்டார். ஊறிய தண்ணீரைக்கூடக் கொட்டவில்லை, 'சத்து போயிடுமே' என்று. ஒவ்வொரு பைக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. முன்பு மழையில் மேல்தளக் கூரை ஒழுகி வீட்டுக்குள் சுவரெல்லாம் ஓதம் காத்ததால், மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. தண்ணீர் மாடிக் குழாயிலிருந்து, காலையும் மாலையும். வாரம் ஒரு முறை 19:19:19 உரம், அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது.

இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அடியிலைகளில் மஞ்சள் தெரிந்திருக்கிறது. சத்துக் குறைவு என்று உரத்தை வாரம் இரண்டு முறையாக்கினார். நிற்கவில்லை. மெக்னீசியத்துக்காக எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) ஒரு ஸ்பூன் போட்டார், அப்புறம் இன்னொரு ஸ்பூன். பிறகு பூச்சியாக இருக்குமோ என்று வேப்ப எண்ணெய், லிட்டருக்கு 10 மில்லி, பாத்திரம் கழுவும் திரவத்தோடு கலந்து காலை பதினோரு மணிக்கு அடித்திருக்கிறார். நான்காவது இலையின் கதை இதோடு முடிந்தது. லிட்டருக்கு 5 மில்லி போதும், காதி சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பிறகு. உச்சி வெயிலில் அடித்தால் எண்ணெய்ப் படலத்தோடு இலை வெந்துவிடும். அது நோய் இல்லை, பரவாது.

மீதி மூன்று இலைகள்தான் விஷயம்.

ஓரக் கருகல் ஆறு பைகளிலும் இருந்தது. அடியிலைகளில் மிக அதிகம், நடுவில் குறைவு, நுனியில் இல்லை. நுனி இலைகள் கருகவில்லையே தவிர, சிறுத்து, தடித்து, கருநீலம் கலந்த பச்சையில் இருந்தன. வெள்ளரிக் கொழுந்து அப்படி இருக்காது, இளம்பச்சையாக மெத்தென்று இருக்கும். மண் ஈரமாக இருந்தும் மதியத்தில் கொடி துவண்டு விடுகிறது என்றார் அக்கா. துவள்வதைப் பார்த்து இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் விடுவாராம்.

நான் முதலில் தவறாகத்தான் நினைத்தேன். அடியிலை ஓரம் கருகினால் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம் குறைவு என்பது பாடம். படத்தில் பார்த்தால் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். சொல்லியும் விட்டேன். சொல்லி முடித்த கையோடு சந்தேகம் வந்தது. 19:19:19 உரத்தில் உள்ள மூன்று சத்துகளில் ஒன்று பொட்டாஷ். கழுவாத கோகோபீட்டில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே நிறைய இருக்கும். இத்தனை போட்ட பையில் எங்கிருந்து பொட்டாசியக் குறைவு வரும்?

ஏழாவது பை

"அந்த மூலைப் பைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல தம்பி, பாரு" என்று அக்கா காட்டியபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அதே விதை, அதே கலவை, அதே உரம், அதே எப்சம் உப்பு. இலைகள் கையகலத்துக்கு மேல் விரிந்து, ஓரம் வரை பச்சை. "அதுக்கு நான் தண்ணியே விடறதில்ல. ஏசி தண்ணி அதுலயே சொட்டிக்கிட்டு இருக்கு, எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்."

அவருடைய மகன் இரவு நேர வேலை பார்ப்பவர். அந்த ஒற்றை அறையில் இரவு முழுக்க ஏசி ஓடும். வடிகுழாய் வெளியே வந்து நேராக ஏழாவது பையின் வாயில் விழுகிறது. குழாய் சொட்டும் இடம் என்பதால் அதற்குத் தட்டும் வைக்கவில்லை, மிஞ்சிய தண்ணீர் அடியால் வடிந்து ஓரத்து ஓட்டைக்குப் போய்விடுகிறது.

இதைவிட நல்ல பரிசோதனையை நான் திட்டமிட்டுச் செய்திருந்தாலும் செய்திருக்க முடியாது. ஒரே மாடி, ஒரே கடற்காற்று. எனவே காற்றில் வரும் உப்புத்தூறல் காரணமில்லை, அப்படியிருந்தால் ஏழாவதும் கருகியிருக்கும். மண்ணிலோ விதையிலோ குறை இல்லை. வேறுபட்டது தண்ணீரும் வடிகாலும் மட்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். ஏழாவது பையின் நடு இலைகளிலும் அந்த மூலை மூலையான மஞ்சள் கட்டங்கள் இருந்தன. அதாவது ஓரக் கருகல் ஆறு பைக்கு மட்டும், கட்டங்கள் ஏழுக்கும். ஒரே நோய் என்று இத்தனை நாள் நினைத்தது இரண்டாகப் பிரிந்தது.

அளந்து பார்த்தது

வீட்டில் ஆர்ஓ தண்ணீர் பார்ப்பதற்காக வாங்கிய பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் இருந்தது, தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டுவது. எடுத்து வந்தேன். மாடிக் குழாயைப் பற்றிக் கேட்டபோது, அது போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் தொட்டியிலிருந்து வருவது என்றார். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீர், கீழே சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) விழுந்து சமையலறைக்கு மட்டும் ஏறுகிறது. சென்னையில் பல வீடுகளில் இந்த இரண்டு லைன் ஏற்பாடுதான். குளிக்க, துவைக்க, மாடிக்கு எல்லாம் போர்.

மீட்டர் காட்டியது, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: மெட்ரோ தண்ணீர் 310. ஏசி தண்ணீர் 12. மாடிக் குழாய் 1,640.

அடுத்தது பைக்குள் என்ன இருக்கிறது என்பது. தட்டை எடுத்துவிட்டு, நன்றாக ஈரமாக்கி, அரை மணி நேரம் கழித்து மேலே ஏசி தண்ணீர் ஒரு பெரிய டம்ளர் விட்டு, அடியில் முதலில் வடிந்ததைக் கிண்ணத்தில் பிடித்தோம். ஆறு பைகளிலும் 3,400 முதல் 4,200 வரை வந்தது. ஏழாவதில் 780.

அக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிக்கை வரவில்லை. சரி, கணக்காகவே போடுவோம் என்று உட்கார்ந்தோம். 1,640 என்றால் லிட்டருக்கு 1.6 கிராம் கரைந்த உப்பு. பைக்கு ஒரு நாளைக்கு சராசரியாக ஒன்றரை லிட்டர் என்று வைத்தாலும் 45 நாளில் 67 லிட்டர். அதில் வந்தது 108 கிராம், சமையலறை மேசைக்கரண்டியில் தலைதட்டி ஆறு கரண்டி. எல்லாம் சோற்று உப்பு இல்லை, சுண்ணாம்புச் சத்தும் மற்றதும் சேர்த்துத்தான். ஆனாலும் 20 லிட்டர் பைக்குள் ஆறு கரண்டி. தண்ணீர் ஆவியாகிப் போகும், செடி குடித்துவிடும், உப்பு பெரும்பாலும் அங்கேயே தங்கும். கீழே வடிந்து போகலாம் என்றால் தட்டு பிடித்து வைத்துக்கொண்டு, மாலையில் பை அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இதற்கு மேல் கோகோபீட்டின் உப்பு, உரத்தின் உப்பு, எப்சம் உப்பு. பையின் உட்புறம் மண்மட்டத்துக்கு மேலே சுற்றிலும் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்ததை அப்போதுதான் இருவரும் சேர்ந்து பார்த்தோம். நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. பூஞ்சை என்று நினைத்து ஒருமுறை துடைத்துவிட்டாராம்.

ஈர மண்ணில் செடி ஏன் துவள்கிறது என்றால், மெரினாவில் வெள்ளரிப் பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பார்களே, அதை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் கீறலிலிருந்து தண்ணீர் கசிந்து கையில் வழியும். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். வேரைச் சுற்றி உப்பு ஏறிவிட்டால், பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. கஷ்டப்பட்டு இழுக்கும் தண்ணீரோடு சோடியமும் குளோரைடும் உள்ளே போய், தண்ணீர் வெளியேறும் கடைசி இடமான இலை ஓரத்தில் தங்கிவிடும். அதிக நாள் வேலை பார்த்த அடியிலையில் அதிகம் சேரும், அதனால் அதுதான் முதலில் கருகும். பொட்டாசியக் குறைவும் இதே இடத்தில் இதே மாதிரி காட்டுவதால்தான் நான் ஏமாந்தேன். சோடியம் மிகுந்தால் செடி பொட்டாசியத்தை எடுப்பதும் குறையும், எனவே இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஆனால் மருந்து வேறு. குறைவுக்குப் போட வேண்டும், உப்புக்குக் கழுவ வேண்டும்.

வெள்ளரி உப்பை அதிகம் தாங்காத பயிர். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1985இல் வெளியிட்ட பாசன நீர்த் தர அட்டவணையில், பாசன நீரின் மின்கடத்துதிறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) மீட்டருக்கு 1.7 டெசிசீமென்ஸ் வரை வெள்ளரி விளைச்சல் குறையாது, 2.9 ஆனால் கால் பங்கு குறையும் என்று இருக்கிறது. தோராயமாக 640ஆல் பெருக்கினால் நம் டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் வரும்: 1,100, 1,850. அக்காவின் போர் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில். அப்படியானால் விளைச்சல் கொஞ்சம்தானே குறைய வேண்டும், செடியே ஏன் இப்படி ஆனது? அந்தக் கணக்கு, விட்ட தண்ணீரில் 15 முதல் 20 சதவீதம் வேருக்குக் கீழே வடிந்து உப்பையும் இழுத்துப் போகும் வயலுக்கு. தட்டின் மேல் உட்கார்ந்த பைக்கு அது பொருந்தாது. தட்டுதான் இதில் பெரிய குற்றவாளி என்பது என் முடிவு. கெட்ட எண்ணத்தில் யாரும் வைக்கவில்லை, கூரை ஒழுகக்கூடாது என்ற பயத்தில் வைத்தது.

கடலோரப் பகுதியில் நிலத்தடி நீரை அதிகம் இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் இது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட பிரச்சினை. மழை முடிந்த கையோடு போர் தண்ணீர் கொஞ்சம் நன்றாக இருக்கும், கோடை நெருங்க நெருங்க உப்பு கூடும். தென்சென்னைக்கு 2013 முதல் நெம்மேலி ஆலையில் கடல்நீரை உப்பு நீக்கிக் கொண்டுவருகிறோம். மாடிச் செடிக்கோ எந்தக் குழாயில் விடுகிறோம் என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

மஞ்சள் கட்டங்கள்

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். கட்டம் கட்டமான மஞ்சளைப் பார்த்ததுமே அடிச்சாம்பல் நோய் என்று மனதில் பட்டது. ஆனால் ஒருமுறை அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்ன பிறகு இதை உறுதி செய்யாமல் சொல்ல மனம் வரவில்லை. கட்டம் உள்ள இரண்டு இலைகளைப் பறித்து, ஈரமான டிஷ்யூ காகிதத்தோடு கவரில் போட்டு, இரவு முழுக்க மூடி வைத்தோம். காலையில் இலையைத் திருப்பி, செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், மேலே மஞ்சளாக இருந்த கட்டத்துக்கு நேர் கீழே சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூம்படலம். சந்தேகமில்லை. இதை உண்டாக்குவது சூடோபெரோனோஸ்போரா கியூபென்சிஸ், பூஞ்சை மாதிரித் தெரியும், ஆனால் உண்மைப் பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததல்ல. பெரிய நரம்புகளைத் தாண்ட முடியாததால் அதன் திட்டு மூலை மூலையாக நிற்கும். இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். அக்கா மாலையில் இலை மேலேயே தண்ணீர் தெளித்து, செடியைக் 'குளிப்பாட்டி' வந்திருக்கிறார். அதன் மேல் விடியற்காலைப் பனி.

பலரும் இதையும் வெள்ளை மாவு தூவியது போல இலைமேல் வரும் சாம்பல் நோயையும் ஒன்றாக நினைக்கிறார்கள். பெயரும் ஒட்டி இருக்கிறது. சாம்பல் நோய்க்குப் பால், மோர் தெளித்துப் பலன் கண்டவர்கள் உண்டு. அதை அடிச்சாம்பலுக்குத் தெளித்தால் இலை இன்னும் ஈரமாவதுதான் மிச்சம்.

இலைச் சாறை உறிஞ்சும் செம்பேன் ஏதும் இருக்கிறதா என்று வெள்ளைத் தாளின் மேல் இலைகளைத் தட்டிப் பார்த்தோம். நகரும் புள்ளி ஒன்றும் விழவில்லை. கத்திரி வெயிலில் வரும் மஞ்சளுக்கு அதைத்தான் முதலில் தேட வேண்டும்: இலை முழுக்க ஊசியால் குத்திய மாதிரிப் புள்ளி, அடியில் நூலாம்படை. மற்ற மஞ்சள்களையும் ஒவ்வொன்றாகக் கழித்தோம். தழைச்சத்துக் குறைவு என்றால் அடியிலை ஓரம், நடு என்றில்லாமல் முழுசாக வெளுக்கும். மெக்னீசியம் என்றால் அடியிலையில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள். அதே கோலம் கொழுந்தில் வந்தால் இரும்பு. நெளிந்து, தேமல் தேமலாக, இலை சுருங்கினால் வைரஸ், அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுவதுதான் மற்றவற்றுக்கு நல்லது. இங்கே எதுவுமில்லை.

செய்தது

உரம், எப்சம், எல்லாவற்றையும் நிறுத்தினோம். அக்காவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. உடம்பு சரியில்லாத பிள்ளைக்குச் சோறு போடாதே என்று சொன்ன மாதிரி முகம் வாடிவிட்டது.

தட்டுகளை எடுத்து, ஒவ்வொரு பையையும் மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்தோம். வடிவதெல்லாம் தேங்காமல் ஓடும்படி, தளம் சரிந்து இறங்கும் ஓட்டையின் பக்கமாக வரிசையை நகர்த்தினோம். செங்கல் இடைவெளியில் காற்று போவதால் தளம் மத்தியானத்துக்குள் உலர்ந்துவிடுகிறது. தட்டு வைத்திருந்தபோது அடியில் நிரந்தர ஈரம்தான் இருந்தது என்று வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது கழுவுதல். பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் மெதுவாக ஊடுருவிப் போனால் உப்பில் பெரும்பகுதி போகும். ஆறு பைக்கு 240 லிட்டர். மெட்ரோ தண்ணீரை இப்படிக் கொட்ட அக்காவுக்கு மனசு வரவில்லை, எனக்கும் தயக்கம்தான். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்ற ஊர் இது. எனவே முதல் நாள் பைக்கு 20 லிட்டர் மெட்ரோ தண்ணீர், ஒரு மணி நேரத்துக்கு விட்டு விட்டு. இரண்டாவது சுற்றுக்கு ஏசி தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து (ஒரு ராத்திரிக்கு முக்கால் பக்கெட் கிடைத்தது), நாளுக்கு ஒரு பையாகக் கழுவினோம். அரிசி கழுவிய தண்ணீரும் உப்பு போடாத வரை நல்லதுதான். ஆர்ஓ கழிவு நீரைப் பற்றிக் கேட்டார். ஆர்ஓவுக்குள் போவது மெட்ரோ என்றால் அளந்து பார்த்து விடலாம், போர் என்றால் வேண்டவே வேண்டாம், உள்ளே போனதைவிட அதிக உப்போடுதான் அது வெளியே வரும்.

அடிச்சாம்பலுக்கு மருந்து அடிக்கவில்லை. கட்டம் அதிகமுள்ள இலைகளை மட்டும், கொடிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கிள்ளி எடுத்து, மாடியை விட்டே அகற்றினோம். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். பங்குனி நெருங்குகிறது, பனி குறையும், அது போதும் என்று கணித்தேன். கார்த்திகை, மார்கழியில் இதே நோய் வந்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டேன், மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் அடித்து, பொட்டலத்தில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி காத்திருந்துதான் காய் பறிக்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு

கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது. இதை அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பழைய இலையைப் பார்த்து வருத்தப்படாமல் கொழுந்தைப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு கொடியிலும் அன்றைய கடைசி ஆரோக்கியமான இலையின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவைத்தார். பதினோராம் நாள் போய்ப் பார்த்தபோது ஐந்து கொடிகளில் நூலுக்கு மேல் கருகல் ஏறவில்லை. நூலுக்கு மேலே வந்திருந்த இலைகள் இளம்பச்சையாக, அகலமாக, அடியில் சொரசொரவென்று, வெள்ளரி இலை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தன. வடிநீர் 1,300 முதல் 1,600க்குள் வந்திருந்தது.

மூன்றாவது பை பிழைக்கவில்லை. அதற்குத்தான் எப்சம் உப்பு இரட்டிப்பாகப் போயிருந்தது. பிடுங்கிப் பார்த்தோம். வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தது. முடிச்சு ஒன்றும் இல்லை, எனவே நாத்தனார் சொன்ன நூற்புழுவும் இல்லை. கழுவுவது இரண்டு வாரம் முன்பே தொடங்கியிருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வந்த காய்கள் காம்புப் பக்கம் கசந்தன. வாடி வதங்கிய கொடியில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் கூடுவதால் வரும் கசப்பு. அக்கா முனையை நறுக்கி, நுரை வரும்வரை தேய்த்துவிட்டுத்தான் தயிர்ப் பச்சடிக்கு அரிந்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் பறித்த காய்களுக்கு அந்த வேலை இருக்கவில்லை. ஏழாவது பைதான் கடைசி வரை அதிகம் காய்த்தது.

அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் கொடிகளை எடுத்துவிட்டோம். அடுத்த நடவுக்கு வாங்கிய கோகோபீட்டை அக்கா மூன்று முறை ஊறவைத்து, மூன்று முறையும் தண்ணீரைக் கொட்டி, கடைசித் தண்ணீரை மீட்டரில் அளந்து எனக்குப் படம் அனுப்பினார்: 420. பழைய மண்ணை எறியவில்லை. பைகளைச் செங்கல் மேலேயே, வாய் திறந்து, மூடாக்கு ஒன்றும் போடாமல் வரிசையாக வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை வந்து கழுவட்டும்.